ஒரு சால் குறைவாக

மார்ச் 2

தங்கச்சிக்கு,

நலம் விசாரிக்கும் பத்தியை நீயே மனதுக்குள் எழுதிக்கொள். சினை மாடு ஒன்று இன்றோ நாளையோ என்று நிற்கிறது, எனக்கு நேரமில்லை.

போனில் பேசலாமே என்பாய். முப்பது வருஷம் டிராக்டர் மேல் உட்கார்ந்த காது இது. நீ பேசினால் பாதி காற்றாகத்தான் வருகிறது. போனில் எழுதி அனுப்பினாலோ அந்தச் சின்ன எழுத்து கண்ணில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. மேலும், கையெழுத்துப் போடவேண்டிய காகிதம் போனுக்குள் நுழையாது.

இரண்டு விஷயம். முதலாவது, பால் சங்கத்தில் அப்பாவின் படத்தை மாட்டப் போகிறார்கள். நாற்பத்தொரு வருஷம் ஒரு நாள் தவறாமல் பால் கொண்டுவந்த ஆள் வேறு யாரும் கிடையாதாம். படத்துக்குக் கீழே அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிச் சட்டம் போடுவார்களாம். காலேஜில் பாடம் நடத்துகிறவள் நீ, நீதான் எழுத வேண்டும். வாத்தியாரம்மா தமிழ் வேண்டாம், பால் ஊற்ற வருகிறவனுக்குப் புரிய வேண்டும். கடைசி வரியை மட்டும் சங்கத் தலைவரே சொல்லிவிட்டார்: ‘அடுத்தவர் நிலத்தில் ஓர் அடிகூட வைக்காத மனிதர்.’ அதை மாற்றாதே.

இரண்டாவது, கிழக்கு எல்லை. நிலம் இன்னும் அப்பா பேரில்தான் இருக்கிறது. அளந்து எல்லையை உறுதி செய்ய மனு கொடுக்கிறேன், அதில் நம் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். அலுவலகத்தில் இருந்த பழைய வரைபடம் அந்தப் பெரிய வெள்ளத்தில் கூழாகிவிட்டது. அதனால் எல்லைக்கல் எங்கே நிற்கிறதோ அதுதான் எல்லை என்கிறார் சர்வேயர். வடக்குக் கல்லும் தெற்குக் கல்லும் எங்கே நிற்கின்றன என்று உனக்கே தெரியும். நாம் உழும் இடத்திலிருந்து இருபத்தாறு அடி தள்ளி, பக்கத்து விசில் மாமா நிலத்துக்குள். அந்த இருபத்தாறில் இருபதை அவர்கள் உழுகிறார்கள். நடுவில் ஆறடி யாரும் உழாமல் புல் மண்டிக் கிடக்கிறது. அவர்களுடைய குழாய்க் கிணறு கல்லிலிருந்து பத்தாவது அடியில் இருக்கிறது. சர்வேயர் கணக்குப்படி கிணறு நம்முடையது. நம் கிணறு இரண்டு கோடையாக வாயைப் பிளந்துகொண்டு கிடப்பது உனக்குத் தெரியுமா? மாடு பதினொன்று.

எல்லாம் அப்பா செய்த வேலை. ஒவ்வொரு வருஷ உழவிலும் எல்லையோரம் ஏர் ஒரு தடவை கிழிக்கிற அகலத்தை, ஒரு சால், விட்டுவிட்டு உள்ளே வந்தார். நாம் விட்டதை அவர்கள் சேர்த்து உழுதுகொண்டார்கள். ஊர் அவரை ‘ஒதுங்கி’ என்று சும்மாவா கூப்பிட்டது? மாட்டை விசிலடித்தே ஓட்டிய அந்த மனுஷர் இருந்தவரை நான் வாய் திறக்கவில்லை. அவர் போய் ஆறு வருஷம். அப்பாவும் ஜனவரியோடு போய்விட்டார். இனி யாருக்காக ஒதுங்க?

ஏப்ரல் 12 அன்று அளக்க வருகிறார்கள். காகிதத்தை உள்ளே வைத்திருக்கிறேன். பென்சில் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு.

அண்ணன்

&nbsp;

மார்ச் 8

அண்ணாவுக்கு,

கன்று எப்படியிருக்கிறது? அண்ணி கை சரியாகிவிட்டதா?

சங்கத்துக்கு எழுதியதைக் கீழே தருகிறேன். நான்கு முறை எழுதிக் கிழித்தபிறகு வந்தது இது.

‘வாழ்ந்தது எண்பத்தேழு வருடங்கள். பள்ளிக்கூடம் போனது மூன்று. சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டி ஏழு கிலோமீட்டர் மிதித்து வருவார். சங்கத்தின் கதவைத் திறக்கிறவர் வருவதற்கு முன்பே படியில் நிற்பார். கதிரடிக்கும் இயந்திரத்தின் பெல்ட்டில் இடது கை விரல் நுனி போன மறுநாளும் பால் வந்தது, கட்டுப் போட்ட கையோடு. குதிகாலை மண்ணில் அழுத்திப் பார்த்து ஈரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்வார். நின்றுகொண்டே சாப்பிடுவார். மனைவி இறந்தபின் பன்னிரண்டு வயது மகளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டார். அவருக்குத் தெரிந்த பின்னல் கயிற்றுப் பின்னல்தான். அது சாயங்காலம் வரை ஒரு மயிரிழைகூட அவிழாது. எண்பத்துநான்கு வயதில் மாட்டுக்கொட்டகைக் கதவைக் கழற்றிப் புதிதாக மாட்டினார்.’

இவ்வளவுதான். கடைசி வரியை நான் எழுதவில்லை. அது இல்லாமலே பக்கம் முடிந்துவிட்டது போல் எனக்குத் தோன்றுகிறது. தலைவரிடம் நீ சொல்லிப் பாரேன்.

நான் காலேஜுக்குக் கிளம்பிய அன்று டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை வந்தார். நான் ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பஸ் நகரும்போது, “கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கோ” என்றார். அவ்வளவுதான். இதைச் சங்கத்துச் சுவரில் எழுத முடியாது.

மனுவைப் பார்த்தேன். கையெழுத்துப் போட எனக்குக் கொஞ்சம் நாள் கொடு. விசில் மாமா போனபின் தனியாக நிற்கும் அத்தைக்கு அந்தக் கிணற்றை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது என்பது உனக்குத் தெரியாதது அல்ல. புல் முளைத்த ஆறடியை மட்டும் கேட்டால் போதாதா?

தங்கை

&nbsp;

மார்ச் 13

தங்கச்சிக்கு,

கன்று நன்றாக இருக்கிறது. பெண் கன்று, கிடாரி. அண்ணி கையும் சரியாகிவிட்டது. உன் எழுத்தை வாசித்து மூக்கைச் சிந்தினாள். நானும் வாசித்தேன். விரல் போன மறுநாள் பால் வந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பாலைக் கறந்தது யார்? சைக்கிளை மிதித்தது யார்? அவர் பின்னால் கேனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். எனக்குப் பதினைந்து வயசு. அன்றைக்கு விட்ட பள்ளிக்கூடம்தான். பரவாயில்லை, சுவரில் அதற்கெல்லாம் இடம் ஏது?

கையெழுத்துக்கு ‘கொஞ்சம் நாள்’ எதற்கு? பரீட்சையா எழுதுகிறாய்?

டிராக்டர் வந்த வருஷம் உனக்கு நினைவில்லை என்று சொல்லாதே. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். முதல் நாள், முதல் உழவு. கல் வரைக்கும் ஓட்டிவிடுவது என்று முடிவோடுதான் ஏறினேன். எல்லைப் பக்கம் திருப்பினதும் அவர் குறுக்கே வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

“அங்கயே நிறுத்துடா.”

“கல்லு அங்க இருக்குப்பா.”

“கல்லு இருக்கும். நீ நிறுத்து.”

“தள்ளுங்கப்பா. ஊரே சிரிக்குது.”

“சிரிக்கட்டும். ஒரு சால் உள்ள வா.”

இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரன் சத்தமாகவே சொன்னான், “ஒதுங்கி மகன் ஒதுங்கறானா இல்லையா பாருங்கடா!” நான் ஒதுங்கினேன். அதற்குப்பிறகு ஏழு மாதம் அவரோடு பேசவில்லை. ஒரே கொட்டகையில் முதுகும் முதுகுமாக உட்கார்ந்து பால் கறந்தோம். உழவு வந்தால் மட்டும் அவர் கை காட்டுவார், நான் நிறுத்துவேன். ஐந்து வருஷம் அப்படியே ஓடியது. பிறகு ஒரு வருஷம் அவரே, “இனிமே அங்க வரைக்கும் ஓட்டு, போதும்” என்றார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர்கள் குழாய்க் கிணறு போட்டபோது அப்பா என்ன செய்தார் தெரியுமா? தோளில் குழாய் சுமந்து கொடுத்தார். நம் இடத்தில் அவர்கள் துளை போடுகிறார்கள், இவர் குழாய் தூக்கிக் கொடுக்கிறார்.

அப்பா கடைசி பத்தொன்பது நாள் உன் ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் பக்கத்தில் நீ மட்டும் இருந்தாய். அவரை ஊருக்குக் கொண்டுவந்ததிலிருந்து நீ ஒரு மாதிரியாக இருக்கிறாய் என்று உன் அண்ணி சொல்கிறாள். அத்தை உன்னிடம் போனில் அழுதாளா? எதற்கு அவள் பக்கம் பேசுகிறாய்?

அண்ணன்

&nbsp;

மார்ச் 17

அண்ணாவுக்கு,

அத்தை என்னோடு பேசவில்லை. அவளிடம் என் எண் கூடக் கிடையாது.

சைக்கிளை மிதித்தது நீ என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டது என் தவறு. திருத்தி அனுப்புகிறேன்.

ஆனால் மனுவில் நான் கையெழுத்துப் போட முடியாது. ஏன் என்று கேட்காதே. அளப்பதைத் தள்ளிப்போடு, அல்லது கைவிட்டுவிடு. கிணறு தோண்ட நான் என்னால் ஆனதைச் செய்கிறேன். அந்தக் கல்லை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடாதே. இதற்குமேல் என்னால் எழுத

(இங்கே மூன்று வரிகளை அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வாசிக்க முயலாதே, உன்னை எனக்குத் தெரியும்.)

தங்கை

&nbsp;

மார்ச் 21

தங்கச்சிக்கு,

தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் அடித்திருக்கிறாய்.

வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு வாரிசு கையெழுத்துப் போட மறுத்தால் நோட்டீஸ் அனுப்பிவிட்டு மற்றவர் மனு கொடுக்கலாமாம். நோட்டீஸ் உன் காலேஜ் முகவரிக்கு வரும். வீட்டுக்கு வந்தால் உன் வீட்டுக்காரர் பதறுவார், அதனால்.

முந்தாநாள் அத்தை வாசல் வரை வந்தாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். அவளோ, “அளக்கப் போறியாமே? நல்லா அளந்துக்கப்பா” என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். நாலு எட்டு நடந்து நின்று திரும்பி, எனக்குக் கேட்கிற மாதிரி உரக்க, “கடப்பாரை வேணும்னா எங்க வீட்ல ஒண்ணு இருக்கு” என்றாள். கிண்டலைப் பார். எழுபத்தெட்டு வயசு.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நிலத்தில் உனக்கும் பங்கு உண்டு, இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்த மண்ணில் நீ நின்ற நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்பாவைப் பற்றி அழகாக எழுது. அப்பாவின் எல்லையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்காதே.

அண்ணன்

&nbsp;

மார்ச் 24

அண்ணாவுக்கு,

சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அதை இப்போது மீறுகிறேன். நோட்டீஸுக்குப் பயந்து இல்லை. நீ தெரியாமல் செய்யப் போகிற காரியத்தை நான் தெரிந்துகொண்டே பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உட்கார்ந்து வாசி.

ஆஸ்பத்திரியில் எட்டாவது நாள், மத்தியானம். அப்பா படுக்கை விரிப்பின் ஓரத்தில் கையைச் சாண் சாணாக வைத்து அளந்துகொண்டே இருந்தார். நர்ஸ், “தாத்தாவுக்கு அரிக்குது போல” என்று பவுடர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. “இருபத்தேழு முடிஞ்சுதா?” என்று என்னைக் கேட்டார்.

“என்னப்பா இருபத்தேழு?”

“நான் எடுத்தது இருபது அடி. வருஷத்துக்கு ஒரு சாண். இருபத்தேழு வருஷம் வருதா, கணக்குப் போட்டுச் சொல்லு. நீ படிச்சவ.”

ஒரு சாண் முக்கால் அடி என்று வைத்துக் கணக்குப் போட்டேன். வந்தது. அதன்பிறகுதான் சொன்னார்.

நீ பிறந்த வருடம். மாமாவின் அப்பா இறந்துபோனார். ஊர் முழுவதும் அடக்கத்துக்குப் போயிருந்தது. நம் அப்பா மட்டும் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், மாட்டைக் கட்டி இழுத்து, இரண்டு கல்லையும் இருபது அடி அவர்கள் நிலத்துக்குள் நகர்த்தி நட்டுவிட்டார். “புள்ள பொறந்திருக்கான், நிலம் பத்தாதுன்னு தோணிச்சு. ஒரு மத்தியானம் தாம்மா தோணிச்சு” என்றார்.

ஆறு வருடங்கள் அந்த இருபது அடியையும் சேர்த்து உழுதார். யாரும் கேட்கவில்லை. அந்த ஆறாவது வருடம் நம் மாடு இரண்டும் நோயில் செத்துப்போனது உனக்கு நினைவிருக்கும். உழவு நேரம், கையில் மாடு இல்லை. யாரும் கூப்பிடாமலே மாமா தன் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து நம் நிலம் முழுவதையும் உழுதுகொடுத்தார், கல் வரைக்கும். தன்னிடமிருந்து எடுத்த இருபது அடியையும் விசிலடித்துக்கொண்டே உழுதார். அப்பா கையில் தண்ணீர்ச் செம்போடு வரப்பில் நின்றாராம். “அந்தச் செம்பு கையில கனத்துச்சு பாரு” என்றார்.

அடுத்த வருடத்திலிருந்து ஒரு சால் குறைவாக உழ ஆரம்பித்தார். கல்லைத் திருப்பி நட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும். வருஷம் ஒரு சாணாக விட்டால் யார் கண்ணிலும் படாது. எடுத்தது ஒரு மத்தியானம், கொடுத்தது இருபத்தேழு வருடம்.

அண்ணனிடம் சொல்லுங்கள் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். “அவனுக்கு நான் ஒதுங்கியாவே இருந்துட்டுப் போறேன். திருடனா வேண்டாம்” என்றார்.

இப்போது சொல், அந்தக் கடைசி வரியை நான் எப்படி எழுதுவேன்? அந்தக் கல்லை நம்பி அத்தையின் கிணற்றை எடுக்க எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

கடைசி நாட்களில் அவர் பேச்சு குழறியது. “கரி அங்கயே தான் இருக்கு” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

தங்கை

&nbsp;

மார்ச் 30

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. முதல் நாள் அதை அடுப்பில் போடப் போனேன், அண்ணி பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏறிய மனுஷன் உளறியதை நீ கோர்த்துக் கதை கட்டியிருக்கிறாய். அப்படித்தான் நினைக்கிறேன். நினைக்கப் பார்க்கிறேன்.

ஐம்பத்தெட்டு வருஷம் அவர் கூடவே இருந்தேன். அவர் செருப்புச் சத்தத்தை வைத்தே எந்தக் கால் வலிக்கிறது என்று சொல்வேன், காது கேட்ட காலத்தில். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்தொன்பது நாள் பழக்கத்தில் உன்னிடம் சொல்லிவிட்டாரா? எனக்காக எடுத்தாராம். நான் தொட்டிலில் கிடந்தேன், யார் கேட்டார்கள் இருபது அடி? திருடனின் மகன் என்பதற்கும் ஒதுங்கி மகன் என்பதற்கும் நடுவில் எனக்கு வேறு ஏதாவது பெயர் வைத்திருக்கக்கூடாதா?

உளறல் என்றுதான் கடிதத்தை மடித்து வைத்தேன். அந்தக் கரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. உனக்குத் தெரிய நியாயமில்லை. எல்லைக்கல் நடும்போது குழியில் முதலில் ஒரு கூடை அடுப்புக்கரியைக் கொட்டுவார்கள், அதன்மேல் கல்லை நிறுத்துவார்கள். கரி மக்காது. எவனாவது கல்லைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டாலும் கரி பழைய இடத்திலேயே கிடந்து காட்டிக்கொடுக்கும். இது மண்ணில் வேலை செய்கிறவனுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. நீயாகக் கற்பனை செய்து எழுதியிருக்க முடியாது.

நாளை மறுநாள் வடக்குக் கல்லைத் தோண்டப் போகிறேன். அடியில் கரி இருந்தால், நீ ஒரு மன்னிப்புக் கடிதம் எழுது. பெரிய எழுத்தில்.

அண்ணன்

&nbsp;

ஏப்ரல் 2

தங்கச்சிக்கு,

வடக்குக் கல்லின் அடியில் கரி இல்லை. மார்பளவு தோண்டினேன். வெறும் செம்மண்.

டேப்பைப் பிடித்து நம் பக்கமாக இருபது அடி அளந்தேன். அது அவர்கள் ஏர் நிற்கும் இடத்தில், புல் ஆரம்பிக்கும் ஓரத்தில் போய் முடிந்தது. ஒரு விரல்கூட முன்பின் இல்லை. அங்கே தோண்டினேன். முழங்கால் ஆழத்தில் கடப்பாரை ‘கரக்’ என்றது. அதிர்வு கையில் தெரிந்தது, எனக்குச் சத்தம் கேட்டது போலவே இருந்தது. உள்ளங்கை நிறையக் கரி. அறுபது, எழுபது வருஷத்துக் கரி. இன்றைக்கு அணைத்த அடுப்பில் எடுத்தது மாதிரி கையில் ஒட்டுகிறது.

எவ்வளவு நேரம் குழிக்குள் உட்கார்ந்திருந்தேன் தெரியாது. நிமிர்ந்தால் மேலே அத்தை நிற்கிறாள், கையில் தண்ணீரோடு.

“கெடைச்சிடுச்சா?” என்றாள்.

எனக்குக் கேட்காது என்று பக்கத்தில் வந்து காதருகில் கத்திக் கத்திச் சொன்னாள். ஐம்பத்தெட்டு வருஷ ரகசியத்தை இப்படிக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. நல்லவேளை, சுற்றி மாடுகள்தான்.

“எங்க மாமனார அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கே உங்க மாமா பாத்துட்டாருப்பா. கல்லு காலடியில புது மண்ணு. போய்க் கேளுங்கன்னேன். ‘அவனுக்குப் புள்ள பொறந்திருக்கு, ஆசையில செஞ்சுட்டான். அவனே வருவான்’னாரு. வந்தாரு. இருபத்தேழு வருஷம் ஆச்சு வந்து சேர!”

“அப்ப இந்த ஆறடி புல்லு?” என்று கேட்டேன்.

“அதுதான் கூத்து. கரி வரைக்கும் வந்த பின்னாடியும் உங்கப்பா நிக்கல, வந்துகிட்டே இருந்தாரு. போதும்னு சொல்லணும்னா, எனக்குத் தெரியும்னு சொல்லணுமே! சொன்னா உங்கப்பா மூஞ்சி என்ன ஆகும்? அதனால உங்க மாமா கரிகிட்டயே ஏரை நிறுத்திட்டாரு. ரெண்டு பேரும் உழல. புல்லு மொளச்சிடுச்சு.”

கணக்கு எனக்கு உடனே புரிந்தது. அப்பா வருஷங்களை எண்ணினார், அடிகளை எண்ணவில்லை. மாட்டு ஏரில் ஒரு சால் ஒரு சாண். இருபத்திரண்டு வருஷம் அது சரியாக வந்தது, பதினாறடி சொச்சம். அதன்பிறகு டிராக்டர் வந்துவிட்டது. டிராக்டரில் ஒரு சால் விட்டால் இரண்டடி போகும். மீதி ஐந்து வருஷமும் அவர் கை காட்டினார், நான் ஓட்டினேன். அந்த ஆறடி நான் அதிகமாகக் கொடுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தது.

அத்தை கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். செம்பு கனக்கத்தான் செய்தது.

12-ம் தேதியை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீ எழுது.

அண்ணன்

&nbsp;

ஏப்ரல் 6

அண்ணாவுக்கு,

நீ கேட்டாய் என்பதால் எழுதுகிறேன். ஆனால் இதில் முடிவு சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த மண்ணில் நான் நின்ற நாட்களை விரல்விட்டு எண்ணலாம் என்று எழுதினாயே, அன்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு எண்ணிப் பார்த்தேன். உண்மைதான்.

ஏன் என்னிடம் சொன்னார் என்று நானும் யோசித்தேன். என்மேல் பிரியம் அதிகம் என்பதால் இல்லை, அண்ணா. மறுநாள் காலையில் என்னோடு உட்கார்ந்து அவர் பால் கறக்க வேண்டியதில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாழ வேண்டியதில்லை. உன் முகம்தான் அவருக்கு வேண்டியிருந்தது. என்னிடம் இறக்கிவைத்துவிட்டு உன்னிடம் திரும்பி வந்துவிடலாம் என்று நினைத்திருப்பார். வர முடியவில்லை.

அளக்கிற அன்று நீ எதுவும் சொல்லாமல், கல் வெள்ளத்தில் நகர்ந்தது என்று விட்டுவிடலாம். யாரும் நம்மைக் குறை சொல்ல மாட்டார்கள். இல்லை, சொல்லவும் செய்யலாம். நீ எதைச் செய்தாலும் நான் உன் பக்கம்தான். காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், எல்லை எது என்று எழுதவேண்டிய இடத்தைக் காலியாக விட்டு. நீயே நிரப்பிக்கொள்.

சங்கத்துப் பக்கத்தைத் திருத்தி வைத்திருக்கிறேன். ‘சைக்கிளை மிதித்தது பதினைந்து வயது மகன்’ என்று சேர்த்திருக்கிறேன். கடைசி வரிக்கு வேறொன்று தேடினேன், எதுவும் அமையவில்லை.

தங்கை

&nbsp;

ஏப்ரல் 16

தங்கச்சிக்கு,

அளந்து முடித்துவிட்டார்கள். வரிசையாகச் சொல்கிறேன், குறுக்கே கேள்வி கேட்காதே.

சர்வேயர், அவருடைய ஆள் ஒருவன், சங்கத் தலைவர், டீக்கடைக்காரன், வேலை இல்லாதவர்கள் ஒரு பதினைந்து பேர். அத்தை வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். குழியையும் கரியையும் காட்டினேன். சர்வேயர் குனிந்து ஒரு துண்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“சரி, இந்தக் கல்லை நகர்த்தினது யாரு?” என்றார். அவர் முகத்துக்கு நேராக நின்றிருந்தேன், உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டேன்.

நான் வாய் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டாள். “வெள்ளத்துல நகந்திருக்கும் சார்.”

“ரெண்டு கல்லும் ஒரே அளவுக்கா நகரும்? வெள்ளம் டேப் வச்சிருந்துச்சாம்மா?”

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணாலேயே ‘சும்மா இரு’ என்றாள். நீ சொன்ன மாதிரி இருந்துவிட்டிருக்கலாம். டீக்கடைக்காரன் முகம் தெரிந்தது. முப்பது வருஷம் முன்னால் பார்த்த அதே பல். சொன்னால் அவன் வாய்க்கு இன்னும் ஒரு பிடி அவல். சொல்லாவிட்டால் அப்பா செய்த வேலை யாருக்கும் தெரியாமலே போய்விடும். இருபத்தேழு வருஷம், தங்கச்சி. நான் அவ்வளவு காலம் எந்த ஒரு வேலையையும் விடாமல் செய்ததில்லை.

“எங்கப்பா தான் சார்,” என்றேன். “நகர்த்தினது அவரு. திருப்பிக் குடுத்ததும் அவருதான். ஆறடி கூடவே குடுத்திருக்காரு.”

எனக்குக் காது கேட்காததால் நான் பேசுவது எப்போதும் சத்தமாக இருக்கும் என்று அண்ணி திட்டுவாள். அன்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். மாடு மேய்க்கிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

“அப்ப அந்த ஆறடி யாருது?”

“அவங்களுது” என்றேன். அத்தை என்னைக் காட்டி, “அவங்களுது” என்றாள். சர்வேயர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, இருபது வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன், இப்படி ஒரு தகராறைப் பார்த்ததில்லை என்றார். கரி இருக்கும் இடத்தில் கல் என்று எழுதி முடித்துவிட்டார். அதனால் கிணறு அவளுக்கு, புல் நமக்கு. தினமும் ஒரு மணி நேரம் மோட்டாரை நம் தொட்டிக்குத் திருப்பிவிடுகிறேன் என்கிறாள் அத்தை. நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டும், மாடுகள் பதினொன்று, கன்றோடு பன்னிரண்டு.

இரண்டு கல்லையும் நானும் அவள் பேரனும் சேர்ந்து பட்டப்பகலில் இழுத்துவந்து கரிமேல் நட்டோம்.

படம் மாட்டுவது நின்றுபோகும் என்று நினைத்தேன். தலைவர் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, “கடைசி வரிய மட்டும் எடுத்துடலாம்” என்றார். சட்டம் ஏற்கெனவே அளவெடுத்துச் செய்தாகிவிட்டது. அதனால் உன் எழுத்துக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் காகிதம் தெரிகிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

நேற்று அந்த ஆறடியை உழுதேன். வேர் பிடித்த புல், கலப்பை முனகியது. அவர் கடைசியாகக் கை காட்டி நிறுத்திய இடத்துக்கு வந்ததும் கால் தானாகப் பிரேக்குக்குப் போனது. பிறகு ஓட்டினேன். முடித்துவிட்டு இறங்கித் திரும்பிப் பார்க்கிறேன், புதிதாக நட்ட கல்லோரமாக ஒரு சால் அகலத்துக்குப் புல் அப்படியே நிற்கிறது. நான்தான் விட்டிருக்கிறேன். மறுபடி ஏறி அதையும் உழுதிருக்கலாம். ஏறவில்லை.

டீக்கடைக்காரன் ரோட்டிலிருந்து கையை ஆட்டி ஏதோ கத்தினான். என்ன சொல்லியிருப்பான் என்று தெரியும். சொல்லிக்கொள்ளட்டும், எனக்குத்தான் காது கேட்காதே.

அண்ணன்